எந்தப் பாதி

ஜூன் 4

கண்ணாடிக்காரிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஆறு வருடம் ஆகிறது. கோபம் வரவில்லை என்றால் மேலே படி. வந்தாலும் படி. போனில் பேசினால் ஹாலில் படுத்திருக்கிற என் தம்பி காதில் எல்லாம் விழும் என்று, அவன் படுக்கையில் விழுந்த சேதி எழுதியபோதே சொல்லியிருந்தாய். அதனால்தான் காகிதம்.

நேற்று நில அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அப்பா எனக்கும் தம்பிக்கும் பொதுவாக விட்டுப்போன சதுப்பு நிலத்தில் தன் பாதியை விற்கத் தம்பி சம்மதித்துவிட்டானாம். வாங்குவது ஒரு கணினிக் கம்பெனி. ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கூரையின் கீழ் அடுக்கி, அவை சூடேறாமல் ராப்பகலாகக் குளிர்விக்கிற கிடங்கு வரப்போகிறது. பக்கவாதம் வந்து நாக்கு புரளாமல் கிடப்பவன் எப்படி ஐயா சம்மதம் சொன்னான் என்று கேட்டேன். அவர் போனை எடுத்து ஒரு ஒலிப்பதிவைப் போட்டார்.

"வித்துடுங்க சார். சேத்தை வச்சிக்கிட்டு யாரு என்ன பண்றது? எங்க அக்காவுக்குத்தான் நாள் பூரா கொக்குகூடப் பேசணும். எனக்கு வேலை இருக்கு."

அவனேதான். அந்த நக்கல், அந்த 'எனக்கு வேலை இருக்கு', ஒன்றும் குறையவில்லை. வாழ்நாள் முழுக்கப் பம்பு வைத்து ஊரில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இறைத்துத் தள்ளிய எஞ்சினியர், படுக்கையில் விழுந்தால் மட்டும் மாறிவிடுவானா? நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

அவன் பாதியில் பள்ளம் தோண்டினால் என் பாதித் தண்ணீரும் அங்கேதான் போய் இறங்கும். தண்ணீருக்குப் பாகப்பிரிவினை தெரியாது. மாதக் கடைசியில் விசாரணை. அதற்குள் அவன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் உண்டு. நீ கேட்டுப் பார். நான் கேட்டேன் என்று சொல்லாதே, வீம்புக்காகவே மாட்டேன் என்பான்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அதைச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது?

அண்ணி

*

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் வரவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கண்தான் கலங்கியது. என் கண்ணாடிக் கடையில் பரிசோதனைக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், "உங்களுக்கே பவர் ஏறிடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

அவர் பேசியதைப் போட்டுக் காட்டினார்களே தவிர, எப்படிப் பேசுகிறார் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தொண்டையில் ஒரு பட்டை, கன்னத்தில் இரண்டு சின்ன வில்லைகள், தலைமாட்டில் பிஸ்கட் டப்பா அளவு ஒரு பெட்டி. அவர் பேச முயலும்போது தசை லேசாக அசையும். பெட்டி அதில் ஒரு வார்த்தையையோ அரை வார்த்தையையோ பிடித்துக்கொண்டு மீதியைத் தானே நிரப்பி, அவர் குரலிலேயே சொல்லும். நிரப்புவதற்காக அவருடைய பழைய செய்திகள், அலுவலகக் கூட்டப் பதிவுகள், எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் அதற்குள் கொடுத்திருக்கிறோம். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. அதற்கு 'ஊகம்' என்று பெயர். ஊகமே இல்லாமல் வைத்தால் ஒரு வார்த்தை வருவதற்குள் அவருக்கு வியர்த்து ஊற்றிவிடும். முழுசாக வைத்தால் பழைய மனிதர் அப்படியே வந்துவிடுவார். நான் முழுசாக வைத்திருக்கிறேன்.

நாலு மாதம் இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை அண்ணி. பெட்டி வந்த அன்று, "என்ன இப்படி இளைச்சிட்ட? நான் பேசாம இருந்தா உனக்குச் சாப்பாடு இறங்கும்னு இல்ல நினைச்சேன்!" என்றார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அப்படியே அழுதேன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு ஓடி வருகிறேன். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஓடி வந்ததில்லை.

முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. முகத்தில் எதுவும் தெரியவில்லை, அது அசைவதே இல்லை. ஆனால் 'வித்துடுங்க' என்று பெட்டி சொன்னபோது அவருடைய வலது கை விரல் போர்வையை வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி போன பிறகும் நிற்கவில்லை. பெட்டிக் கம்பெனிக்குப் போன் செய்தேன். "அது நரம்புத் துடிப்பு மேடம், அதுக்கு அர்த்தம் கிடையாது" என்றார்கள்.

அவரிடமே கேட்டேன், "ஏங்க, நிலத்தைப் பத்தி வேற ஏதாவது சொல்லணுமா?" என்று. "அதான் சொல்லிட்டேனே, எத்தனை தடவை சொல்றது?" என்று பதில் வந்தது. விரல் திரும்பவும் தட்டியது.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூன் 13

கண்ணாடிக்காரிக்கு,

அந்தத் திருகைக் குறை. இன்றைக்கே குறை.

நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கல்லூரியில் தத்துவம் நடத்தினேன், பிள்ளைகள் தூங்கினார்கள். நீயாவது தூங்காமல் கேள். ஒரு நாற்காலி நேற்று என்னவாக இருந்ததோ அதுதான் இன்றும். தச்சன் எதற்கென்று நினைத்துச் செய்தானோ அதோடு அதன் கதை முடிந்தது. மனிதன் அப்படி இல்லை. அவன் முதலில் உலகத்தில் வந்து விழுகிறான். என்னவாக இருப்பது என்பதை அப்புறம்தான் ஒவ்வொரு நாளும் தேர்ந்தெடுக்கிறான். நேற்று வரை கஞ்சனாக இருந்தவன் இன்று மத்தியானம் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். நடக்காமலும் போகலாம். ஆனால் மூச்சு இருக்கிற வரை அந்தக் கதவு திறந்திருக்கிறது, அதற்குத்தான் சுதந்திரம் என்று பெயர். உன் பெட்டி அவனுடைய நேற்றுகளையெல்லாம் கூட்டிப் பெருக்கி, இன்று அவன் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிடுகிறது. உயிரோடு இருக்கிறவனை நாற்காலி ஆக்கிவிட்டது.

இங்கே சதுப்புக்கும் அதேதான் நடக்கிறது. பல வருடத் தண்ணீர் மட்டத்தை ஒரு கணினியில் கொடுத்தார்களாம். இது கொஞ்ச காலத்தில் தானாகவே வற்றிவிடும் என்று அது சொல்லிவிட்டதாம். எப்படியும் சாகப்போவதுதானே, இப்போதே மூடினால் என்ன என்கிறார்கள். எப்படியும் சாகப்போவது என்று பார்த்தால் நானும்தான். என்னையும் சேர்த்து மூடச் சொல்.

வரப்போகிற கிடங்கில் என்ன இருக்கும் தெரியுமா? உன் வீட்டுப் பெட்டி மாதிரியான பெட்டிகளின் மூளைதான். நீ ஹாலில் உட்கார்ந்து ஒரு கொஞ்சல் பேச்சைக் கேட்க, இங்கே ஒரு நாரை இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. காலையில் வாசலைத் திறந்தால் நாணலுக்குள்ளிருந்து நீர்க்கோழிகள் கத்துகிற சத்தம்தான் எனக்கு முதல் பேச்சு. அதுவும் போனால் இந்த வயதில் நான் யாரோடு பேசுவது?

விரல் தட்டியதைப் பார்த்தாய். அதற்கு அப்புறமும் திருகைத் தொடவில்லை. புருஷன் பக்கத்தில் கிடக்கிறான், நீ பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறாய்.

அண்ணி

*

ஜூன் 17

அண்ணிக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடிதத்தை அலமாரியில் போட்டுவிட்டேன். இப்போதும் நிறைய எழுதப்போவதில்லை.

பெட்டியின் பேச்சைக் கேட்டதும் 'அவனேதான்' என்று எழுதியது நீங்கள். நாய் வால் என்று எழுதியதும் நீங்கள்தான். மனிதன் எந்த மத்தியானமும் மாறலாம் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினீர்கள். உங்கள் தம்பிக்கு மட்டும் அந்த மத்தியானம் கிடையாதா? நான் பெட்டியில் ஊகத்தை முழுசாக வைத்தேன். நீங்கள் ஆறு வருடமாக மனசில் முழுசாக வைத்திருக்கிறீர்கள். பேசாமலே இருந்ததால் அது உங்களுக்குத் தெரியவில்லை.

அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவது நான். புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது நான். சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கு என் புருஷன் பேச வேண்டும். அது கொஞ்சல் பேச்சாகவே இருந்துவிட்டுப் போகட்டும். திருகைக் குறைத்தால் உங்களுக்குச் சதுப்பு கிடைக்கலாம். எனக்கு என்ன கிடைக்கும், ஃபிரிட்ஜ் சத்தம்தானே?

*

ஜூன் 20

கண்ணாடிக்காரி,

நீ எழுதியது சரி. நான் எழுதிய அந்த வரிக்கு என்ன சொல்லியும் தீராது, அதனால் சமாதானம் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் அப்பாவின் காரியம் முடிந்த அன்று, அவன் ஒரு ஏரியை வற்றவைத்து வீடு கட்டக் கொடுத்ததற்காக எல்லார் முன்னாலும் அவனைக் கொலைகாரன் என்றேன். அவன் திருப்பிப் பேசாமல் எழுந்து போனான். அவன் மாறவே மாட்டான் என்று நம்பிக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருந்தது. மாறக்கூடியவன் என்றால் நான்தானே முதலில் போய்ப் பேசியிருக்க வேண்டும். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தா வரைக்கும் வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உனக்குத் தெரியாது.

விசாரணைக்கு நான் தனியாகவே போகிறேன். திருகைத் தொட வேண்டாம். உன் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டு என் காலையை நான் காப்பாற்றிக்கொள்வது நியாயம் இல்லை. இதைக் கோபமாகச் சொல்லவில்லை.

நீ சாப்பிடு. நிஜமாகவே இளைத்துவிட்டாயா?

அண்ணி

*

ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

திருகைக் குறைத்துவிட்டேன். உங்களுக்காக இல்லை. என் தொழிலில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. டிரைவர் லைசென்ஸுக்காக வருகிற சிலர் சுவரில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கண் மங்கலாக இருக்கும், ஆனால் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நிஜமாகப் படிக்கிறவர்கள் திணறுவார்கள் அண்ணி, கண்ணைச் சுருக்குவார்கள், தப்பாகச் சொல்லித் திருத்துவார்கள். திணறாமல் சொல்கிறவரைத்தான் நான் சந்தேகப்படுவேன். திங்கட்கிழமை அப்படி ஒருவரைப் பிடித்தேன். பிடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. என் வீட்டில் ஒருவர் இத்தனை நாளாகத் திணறவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. ஊகத்தை முழுக்க அணைத்தேன். பெட்டியிலிருந்து மூச்சு மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவேன், வேண்டிய எழுத்து வந்ததும் அவர் விரலால் தட்ட வேண்டும். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை நாள் அவர் தட்டிக்கொண்டுதானே இருந்தார்!

"நிலத்தை விக்கலாமா?" என்று கேட்டேன். 'தெ' வந்தது. ரொம்ப நேரம் கழித்து 'ரி' வந்தது. நான் அவசரப்பட்டு, "தெரியும்? எனக்குத் தெரியும்னு சொல்றீங்களா?" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியை அணைத்துவிட்டு நானே பெட்டியாகிவிட்டேன் அண்ணி. மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்ப அட்டையை எடுத்து, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். 'ய' வந்தது. 'ல' வந்தது.

தெரியல.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை. வழி தப்பிப் போனால்கூட "இதுதான் குறுக்கு வழி" என்பார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமே கிடையாது, அப்புறம் பெட்டிக்கு எப்படி அந்த வார்த்தை வரும்?

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இத்தனை நாள் சாயங்காலம் எங்கிட்ட பேசினதெல்லாம் நீங்கதானே?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் எடுத்தது. 'பா' வந்தது, 'தி' வந்தது.

"எந்தப் பாதி?" என்றேன். அவர் களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். அதற்கு அப்புறம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் விரலால் தட்டித் தட்டித் 'தெரியல' என்று சொல்வதை வீடியோவாகப் பதிவு செய்து விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூலை 2

கண்ணாடிக்காரிக்கு,

தோற்றுவிட்டோம்.

இரண்டு பதிவையும் போட்டுப் பார்த்தார்கள். முதலாவது தெளிவாகவும் கோர்வையாகவும் இருக்கிறதாம். அதில் பேசுகிறவர் தன் சுபாவப்படி பேசுகிறாராம். இரண்டாவதில் நோயாளி மனம் தளர்ந்து தடுமாறுகிறாராம். தடுமாறுவதால்தான் அது அவன் என்று சொன்னேன். "அம்மா, இது வகுப்பு இல்ல" என்றார் தலைமை அதிகாரி. சிரித்தார்கள்.

அதோடு போகவில்லை. முன்பு ஒரு கோடையில் சதுப்பு வெடித்துக் கிடந்தபோது, அதிகாரிகளை உலுக்கி எழுப்பலாம் என்று நினைத்து, 'இந்த நிலம் செத்துவிட்டது' என்று நானே ஒரு மனு எழுதியிருந்தேன். அடுத்த மழைக்கு அது எழுந்து உட்கார்ந்தது. மனுவை யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. கம்பெனி வக்கீல் அதை எடுத்து வாசித்தார். செத்ததை மூடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டார். என் கையெழுத்து, என் வார்த்தை.

இன்று காலை மண் லாரிகள் வந்துவிட்டன. நீர்க்கோழிகள் கத்தவில்லை, பயந்து எங்கேயோ ஒளிந்திருக்க வேண்டும். இல்லை, நான் ஊகிக்கிறேன். எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

அவன் 'தெரியல' என்றதை வைத்து எனக்காக மாறிவிட்டான் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் நான் நிரப்பக்கூடாது. ஆனால் சண்டை போட்ட இத்தனை வருடத்தில் அவன் எனக்குச் சொன்ன பதில்களிலேயே இதுதான் நல்ல பதில். அதைப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அவனிடம் சொல்லிவை. வேண்டாம் என்று தட்டினால் எழுது, வராமல் இருந்துவிடுகிறேன். அந்த அட்டையை எடுத்து வை.

அண்ணி

*

செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்க மூடிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டால், கடைசிக் குட்டை இருக்கிற வரை வரமாட்டேன் என்பீர்கள். சரி, நான் ஊகிக்கவில்லை, கேட்கிறேன். வருவீர்களா?

ஜூலையில் நீங்கள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்று, அட்டையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் வரை உள்ளே என்ன பேசினீர்கள் என்று அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அவர் போய் மூன்று வாரம் ஆன பிறகும் அந்த ஒரு நாளை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.

எழுத வந்தது வேறு. நேற்று பெட்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். பட்டையையும் வில்லைகளையும் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, "சார் குரல் எங்ககிட்ட பத்திரமா இருக்கு மேடம். பட்டை இல்லாமலே ஓடும். நிறைய குடும்பத்துல வச்சிக்கிறாங்க" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் ஊகத்தை முழுசாகத் திருகிவிட்டார்.

"வாயைப் பொளந்து பாத்துக்கிட்டே நிக்கிறியே, வந்தவருக்குக் குடிக்க ஏதாவது குடுக்க மாட்டியா?" என்றது பெட்டி.

சமையலறைப் பக்கம் திரும்பி நடந்தே போய்விட்டேன் அண்ணி. தம்ளரைக் கையில் எடுத்த பிறகுதான் நின்றேன். கட்டில் காலியாக இருந்தது. படுக்கை விரிப்பைக்கூட மடித்து வைத்தாயிற்று. அந்தக் கட்டிலின் தலைமாட்டிலிருந்து அவர் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார், எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. பொய் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. எந்தப் பாதி? உதடு வரைக்கும் வந்துவிட்டது. கேட்டிருந்தால் அது உடனே பதில் சொல்லியிருக்கும். திணறாமல், அழகாக, நான் என்ன கேட்க ஏங்குகிறேனோ அதையே சொல்லியிருக்கும். நானும் ஆயுசு முழுக்க அதை நம்பியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

"அழிச்சிடுங்க" என்றேன்.

"நிச்சயமாவா மேடம்? அப்புறம் நீங்க அழுது கேட்டாலும் திரும்ப வராது."

எனக்கு நிச்சயமில்லை என்றுதான் சொன்னேன். ஆனாலும் அழிக்கச் சொன்னேன். அவர் ஏதேதோ அழுத்தினார். பெட்டி பாதிப் பேச்சில் நின்றது. அவர் பையை மாட்டிக்கொண்டு போனார், நான் கதவைச் சாத்தினேன்.

உங்கள் தம்பி போன அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கண்ணீரே வரவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. நேற்று நான் மட்டும்தான் இருந்தேன். நேற்றுதான் அண்ணி, அவர் செத்துப்போனார்.

உங்கள்
கண்ணாடிக்காரி